நம் ஆய்வகத்து மென்பொருளை டெபியனுக்குள் கொண்டுபோவது எப்படி?

கேட்டவர் நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியலில் ஆய்வு செய்யும் தம்பி. கேள்வியின் சுருக்கம் இது: மணவாளக்குறிச்சி, சின்னவிளைக் கடற்கரை மணலின் காமா நிறமாலையை, அதாவது மணல் உமிழும் காமா கதிர்களின் ஆற்றல் பரவலை, அலசுவதற்கு அவர்கள் ஆய்வகத்தில் ஆறு வருடமாக ஒரு மென்பொருளை எழுதி வளர்த்திருக்கிறார்கள். கணக்குப் பகுதி சி++. படம் வரைவதும் அறிக்கை எடுப்பதும் பைத்தான். மற்றக் கல்லூரிகளிலிருந்து கேட்கிறார்கள். கொடுத்தால் நிறுவ முடியாமல் திரும்பத் திரும்ப போன் செய்கிறார்கள். 'ஏபிடி இன்ஸ்டால்' என்று ஒரு வரி அடித்தால் வந்துவிடுகிற மாதிரி டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் சேர்க்க முடியுமா, அதற்கு என்ன செய்ய வேண்டும்?

முடியும் தம்பி. ஆனால் எல்லோரும் தொடங்குகிற இடத்தில் தொடங்காதீர்கள். பேக்கேஜ் செய்வது, அதாவது ஏபிடி நிறுவக்கூடிய பொதியாக்குவது, என்றதும் 'டெபியன்' என்ற ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் என்னென்ன கோப்பு வேண்டும் என்று தேட ஆரம்பிப்பார்கள். அந்த ஃபோல்டர் கடைசியில் இரண்டு மூன்று நாள் வேலை. உண்மையான வேலை உங்கள் மூலநிரலுக்குள்ளேயே கிடக்கிறது. நீங்கள் பக்கத்தில் இல்லாமல், உங்கள் கணினி இல்லாமல், யாரோ ஒருவர் அதை முழுவதுமாகக் கட்டி, அதாவது மூலநிரலிலிருந்து ஓடும் நிரலாக மாற்றி, எடுக்க முடிய வேண்டும். அது நடந்துவிட்டால் டெபியன் கதவு தானாகத் திறக்கும்.

உங்கள் நண்பர்கள் ஏன் திணறுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், பைத்தானின் நிறுவும் கருவியான பிப்பைக் கொண்டு 'பிப் இன்ஸ்டால்' என்று அடித்தால் சிஸ்டத்துக்குள் நேரடியாக நிறுவ அது மறுத்துவிடும். இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று ஒரு பிழைச் செய்தி வரும். ஏபிடி வைத்த கோப்புகளின் மேல் பிப் ஏறி எழுதி, சிஸ்டத்தின் சொந்தப் பைத்தான் கருவிகளே ஓடாமல் போன அனுபவம் ஏராளம். அதனால்தான் இந்தத் தடை. தனி விர்ச்சுவல் சூழலை உருவாக்கி அதில் நிறுவலாம். ஆனால் உங்கள் சி++ பகுதிக்குத் தேவையான லைப்ரரிகள் (பிறர் எழுதிய துணைநிரல் தொகுப்புகள்) அப்போதும் வெளியே நிற்கும். இரண்டு மொழி கலந்த அறிவியல் மென்பொருளுக்கு டெபியன் போன்ற டிஸ்ட்ரோவின் பேக்கேஜ்தான் பொருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கு டெபியன் குடும்பம் புதிதல்ல. தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சென்னை சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளப் பள்ளிகளிலும் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம். நீங்கள் ஒரு பேக்கேஜைச் சேர்த்தால் அது போய்ச் சேரும் கைகள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன.

சரி, உரிமம். இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், தொழில்நுட்பக் கோளாறை ஒரு வாரத்தில் சரி செய்யலாம். உரிமக் கோளாறு ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.

உங்கள் நிரலுக்கு உரிமம் என்ன? ஆய்வகங்களில் நான் கேட்கும்போது கிடைக்கும் பதில் பெரும்பாலும் "எல்லோருக்கும் இலவசம்தான் அண்ணா" என்பதே. அது உரிமம் ஆகாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால், பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்; வேறு யாரும் நகலெடுத்து வினியோகிக்க முடியாது. அடுத்து, 'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்', 'வணிகத்துக்கு அல்ல' என்று நல்லெண்ணத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள். 1997-இல் டெபியன் ஏற்றுக்கொண்ட கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்கள், எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. அந்த ஒரு வரி இருந்தால் மென்பொருள் டெபியனின் முதன்மைப் பகுதிக்குள் வராது. மணல் ஆலையில் வேலை செய்யும் ஒருவர் உங்கள் நிரலைக் கொண்டு கதிரியக்க அளவைப் பார்த்தால் நமக்கு என்ன நட்டம்? பார்க்கட்டுமே. ஜிபிஎல் அல்லது பிஎஸ்டி என்ற கட்டற்ற உரிமங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் முழு வாசகத்தையும் ஒரு கோப்பாக வைத்துவிடுங்கள்.

உரிமம் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது அடுத்த கேள்வி. ஆறு வருடத்தில் எத்தனை மாணவர்கள் அந்த நிரலைத் தொட்டிருப்பார்கள்? நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியது வேலை கொடுத்தவருக்குச் சொந்தம். ஆனால் எம்எஸ்சி மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்லர். அவர் எழுதிய பகுதி அவருடையது. எனவே பழைய மாணவர்கள் ஒவ்வொருவரிடமும், 'நான் எழுதிய பகுதியை இந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதம்' என்று ஒரு வரி மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். கல்லூரியிடமிருந்தும் ஒரு கடிதம். ஒருவர் துபாயில், இன்னொருவர் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் என்று இருப்பார்கள். இப்போது தேடினால் கிடைப்பார்கள், நாள் போகப் போகக் கடினம்.

மூன்றாவதாக, நிரலுக்குள் ஒட்டிக்கொண்டு வந்த பிறர் நிரல். உங்கள் மூலநிரல் முழுவதிலும் 'எம்ஆர்க்யூமின்' என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். நிறமாலையின் உச்சிகளுக்கு வளைகோடு பொருத்தும் இடத்தில் அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது 'நியூமரிக்கல் ரெசிப்பீஸ்' புத்தகத்தில் வரும் லெவன்பர்க்-மார்க்வார்ட் ஃபங்ஷன். உலகத்தில் பாதி இயற்பியல் ஆய்வகங்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்கின்றன, ஆனால் அதன் மூலநிரலை மறுவினியோகம் செய்ய அதன் உரிமம் அனுமதிப்பதில்லை. வரி வரியாக மாற்றி எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள். குனு அறிவியல் லைப்ரரியான ஜிஎஸ்எல்லில் அதே வேலைக்கு நல்ல ஃபங்ஷன் இருக்கிறது. அதன் உரிமம் ஜிபிஎல் என்பதால், அதைச் சேர்த்தால் உங்கள் மென்பொருளும் ஜிபிஎல் உடன் ஒத்துப்போக வேண்டும். அது வேண்டாமென்றால் சிமின்பேக் லைப்ரரி உண்டு, உரிமம் தாராளமானது, டெபியனில் ஏற்கெனவே இருக்கிறது. மாற்றிய பிறகு பழைய விடையும் புதிய விடையும் ஒத்துப்போகின்றனவா என்று உங்கள் மணல் மாதிரிகளிலேயே சரிபாருங்கள். டெபியனில் 'லைசன்ஸ்செக்' என்று ஒரு கருவி உண்டு. ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் படித்து, என்ன உரிமம் எழுதியிருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடும். அந்தப் பட்டியலில் ஒன்றுமே எழுதாத கோப்புகளில் இருந்து வேலையை ஆரம்பிக்கலாம்.

இனி கட்டும் வேலை. பேக்கேஜ்களைக் கட்டும் டெபியனின் பில்ட் இயந்திரத்தில் இணையம் கிடையாது. எப்படிக் கட்டுவது என்று சொல்லும் உங்கள் சிமேக் கோப்பு ஏதாவது லைப்ரரியைக் கட்டும்போதே இணையத்திலிருந்து இறக்குகிற மாதிரி எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வசதிக்காக எஃப்எஃப்டிடபிள்யூ, ஐகன் போன்ற லைப்ரரிகளின் நகலை உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தால், அதையும் எடுத்துவிட்டு டெபியனில் இருப்பதைப் பயன்படுத்தச் சொல்வார்கள். ஒரு லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் ஒரே இடத்தில் அடைத்தால் எல்லோருக்கும் அடைபட வேண்டும். நூறு பேக்கேஜுக்குள் நூறு நகல் இருந்தால் யார் தேடி அடைப்பது? அப்புறம், வேகத்துக்காகக் கம்பைலருக்கு 'மார்ச் நேட்டிவ்' என்று கட்டளை கொடுத்திருப்பீர்கள். கட்டுகிற இயந்திரத்தின் சிப்புக்கு ஏற்றபடி அது நிரலை வடித்துவிடும். பில்ட் இயந்திரம் புதிது, கல்லூரி ஆய்வகத்துக் கணினி பத்து வருடப் பழசு என்றால், திறந்த உடனேயே தவறான கட்டளை என்று சொல்லி நின்றுபோகும். அதை எடுத்துவிட வேண்டும்.

ஒரு பில்ட் என்று நான் சொல்வது உங்கள் இன்டெல் கணினியில் மட்டும் அல்ல. டெபியன் அதே மூலநிரலை எட்டுக்கும் குறையாத வெவ்வேறு சிப் வகைகளில் கட்டும். இதை எனக்கு நேர்ந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றுவேகப் பதிவுகளை அலச நண்பர் ஒருவர் எழுதிய நிரலை நான் பேக்கேஜ் செய்தேன். பதிவுக் கருவி எழுதும் பைனரி கோப்பை அது படிக்கும். என் மடிக்கணினியில் எல்லாம் சுத்தம். ஏற்றிய அன்று ராத்திரி பில்ட் பதிவுகளைத் திறந்தேன். ஏழு இடங்களில் பச்சை. ஐபிஎம் மெயின்பிரேமுக்கான எஸ்390எக்ஸ் வகையில் மட்டும் சிவப்பு. உள்ளே போய்ப் பார்த்தால், சோதனைக் கோப்பில் 1 என்று வர வேண்டிய இடத்தில் 16777216 என்று வந்திருந்தது.

அந்த எண்ணைப் பார்த்தவுடன் கோளாறு புரிந்துவிட்டது. 32 பிட் எண் ஒன்றை நான்கு பைட்டாக வைக்கும்போது இன்டெல் சிப் சிறிய பைட்டை முன்னால் வைக்கும்; எஸ்390எக்ஸ் பெரிய பைட்டை முன்னால் வைக்கும். 1 என்பதைத் தலைகீழாகப் படித்தால் 2-இன் 24-ஆம் அடுக்கு, அதாவது 16777216. நண்பர் கோப்பிலிருந்த பைட்டுகளை அப்படியே நினைவகத்துக்குள் இழுத்துவிட்டிருந்தார். படிக்கும் இடத்தில் பைட் வரிசையைச் சொல்லி மாற்றும் ஒரு ஃபங்ஷனைப் போட்டோம், ஒரே வரி. இது நம் ஊரில் மெயின்பிரேம் யார் வைத்திருக்கிறார்கள் என்பதற்கான விஷயமே அல்ல. அந்தச் சோதனை இல்லாமல் இருந்திருந்தால், பேக்கேஜ் அங்கே தப்பான விடையைச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். நிறமாலைக் கோப்புகள் பெரும்பாலும் இதே பைனரி வகை. 4096 சேனல், ஒவ்வொன்றுக்கும் 32 பிட். அதனால் உங்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

ஏஆர்எம் சிப் நமக்கு இன்னும் பக்கத்து விஷயம். ராஸ்பெர்ரி பை அந்த வகைதான். அதன் ஓஎஸ் டெபியனிலிருந்து வந்ததுதான். டிடெக்டர் பக்கத்திலேயே ஒரு பை-யை வைத்து நிரலை ஓட்ட யாருக்கும் ஆசை வரும். லினக்ஸில் இன்டெல் பக்கம், ஒரு பைட்டை வைக்கும் 'கேர்' என்ற மாறி வகை எதிர்மறை எண்ணையும் தாங்கும். ஏஆர்எம் பக்கம் தாங்காது. கோப்பின் முடிவைக் காட்டும் -1 என்பதை ஒரு 'கேர்' மாறியில் வைத்து ஒப்பிட்டிருந்தால், ஏஆர்எம்மில் அந்தச் சுற்று முடியவே முடியாது. 'இன்ட்' என்ற முழு எண் வகைக்கு மாற்றினால் தீர்ந்தது. பழைய 32 பிட் இன்டெல்லில் மிதவைப் புள்ளிக் கணக்கு 80 பிட்டில் நடக்கும் என்பதால் கடைசி இலக்கங்கள் வேறாக வரும். சோதனையில் இரண்டு விடைகள் அச்சு மாறாமல் சமம் என்று கேட்காதீர்கள், இவ்வளவுக்குள் நெருங்கியிருந்தால் போதும் என்று கேளுங்கள்.

சோதனை, சோதனை என்று சொல்கிறேன். உங்களுக்கு எது சோதனை? உங்களிடம் ஏற்கெனவே இருப்பதுதான். விடை தெரிந்த ஒரு மணல் நிறமாலையை எடுங்கள். அதில் பொட்டாசியம்-40-இன் 1460.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சி இருக்கும். யுரேனியம் வரிசைக்குப் பிஸ்மத்-214-இன் 1764.5. தோரியம் வரிசைக்குத் தாலியம்-208-இன் 2614.5. தோரியம் நிறைந்த மோனசைட் கலந்த நம் கறுப்பு மணலில் கடைசி உச்சி தலைதூக்கி நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். இந்த மூன்றையும் நிரல் சரியான இடத்தில் கண்டுபிடிக்கிறதா, பரப்பளவு கைக்கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அந்த நிறமாலைக் கோப்பையும் அதே கட்டற்ற உரிமத்தில் சேர்த்துவிடுங்கள். டெபியனில் 'ஆட்டோபிகேஜிடெஸ்ட்' என்ற ஏற்பாடு, நிறுவிய பேக்கேஜின் மேல் இதை ஓட்டும். நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டாலும், 'நம்பை' என்ற பைத்தான் கணக்கு லைப்ரரியின் புதிய பதிப்பு வந்தால் மறுபடி ஓட்டும். விடை மாறினால் அந்த நம்பை பதிப்பையே, அடுத்த நிலையான பதிப்பு உருவாகும் 'டெஸ்டிங்' கிளைக்குள் போகவிடாமல் நிறுத்தி வைக்கும். ஒரு சின்ன ஆய்வகத்தின் கணக்கை இப்படி யாரோ தினமும் காவல் காக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுகிறது.

பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஃபிட்', 'பிளாட்' என்று பொதுப் பெயரில் கட்டளை வைத்தால் வேறு பேக்கேஜோடு மோதும். எல்லாக் கட்டளைக்கும் உங்கள் மென்பொருளின் பெயரை முன்னொட்டாக வையுங்கள்.

இத்தனையும் முடிந்து, பதிப்பு எண்ணோடு, மூலநிரல் முழுவதையும் ஒன்றாகச் சுருட்டிய ஒரு டார் கோப்பை வெளியிட்டபின் டெபியன் வேலை. இன்னின்ன மென்பொருளைப் பேக்கேஜ் செய்யப்போகிறேன் என்று முதலில் ஓர் அறிவிப்பு பதிய வேண்டும், ஐடிபி என்பார்கள். வேறு யாரும் அதே வேலையை இரட்டிப்பாகச் செய்யாமல் இருக்கத்தான் அது. பிறகு அந்த டெபியன் ஃபோல்டர். 'கன்ட்ரோல்' கோப்பில் எது எதைச் சார்ந்திருக்கிறது, 'ரூல்ஸ்' கோப்பில் எப்படிக் கட்டுவது, 'சேஞ்ச்லாக்' கோப்பில் பதிப்பு வரலாறு, 'காப்பிரைட்' கோப்பில் ஒவ்வொரு கோப்பின் உரிமையாளரும் உரிமமும், 'வாட்ச்' கோப்பில் புதிய பதிப்பை எங்கே தேடுவது. வழக்கமான வேலைகளைத் தானே செய்யும் டெப்ஹெல்பர் என்ற கருவி இருப்பதால் 'ரூல்ஸ்' பெரும்பாலும் நாலைந்து வரிதான். 'எஸ்பில்ட்' கருவியைக் கொண்டு வெற்றுச் சூழலில் கட்டுங்கள். பேக்கேஜைச் சோதிக்கும் 'லின்டியன்' சொல்லும் குறைகளைத் தீருங்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரையின் விவரத்தை 'அப்ஸ்ட்ரீம் மெட்டாடேட்டா' கோப்பில் சேர்க்க மறக்காதீர்கள், பயன்படுத்துகிறவர் எதை மேற்கோள் காட்ட வேண்டும் என்று அங்கேதான் பார்ப்பார்.

தனியாகச் செய்யாதீர்கள். டெபியன் சயின்ஸ் என்ற குழு இருக்கிறது. மருத்துவத்துக்கும் வானியலுக்கும் வேதியியலுக்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. சால்சா என்ற டெபியனின் கிட் நிரல் சேமிப்புத் தளத்தில் அவர்களுடைய இடத்திலேயே உங்கள் பேக்கேஜை வைக்கலாம். ஏற்றும் உரிமை டெபியன் உறுப்பினர்களுக்குத்தான் என்பதால், உங்கள் வேலையைப் பார்த்து ஏற்றித் தர ஓர் ஆதரவாளர் வேண்டும். குழுவுக்குள் இருந்தால் அவர் சீக்கிரம் கிடைப்பார். 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்தது. இங்கிருந்து ரயிலில் ஒரு பகல் தூரம். நம் பக்கத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் உதவுவார்கள்.

முதல் முறை ஏற்றும் பேக்கேஜ் 'நியூ' என்ற வரிசையில் நிற்கும். அங்கே உரிமங்களைக் கோப்பு கோப்பாகப் பார்ப்பார்கள். சில நாளிலும் முடியலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். ரேடான் வாயு சமநிலைக்கு வர வேண்டும் என்று மணலை டப்பாவில் அடைத்து நாலு வாரம் தொடாமல் வைக்கிற உங்களுக்குப் பொறுமையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும்: 'நியூ' வரிசைக்குக் கட்டி முடித்த பைனரியோடு, அதாவது ஓடும் நிரலோடு, ஏற்ற வேண்டும், ஆனால் அப்படி ஏற்றியது 'டெஸ்டிங்' கிளைக்குப் போகாது. அனுமதி கிடைத்தபின் மூலநிரலை மட்டும் இன்னொரு முறை ஏற்ற வேண்டும். இது தெரியாமல் பேக்கேஜ் ஏன் நகரவில்லை என்று காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதன்பின், பெரிய கோளாறு எதுவும் பதிவாகாவிட்டால், வழக்கமாக ஐந்து நாளில், புதியவை முதலில் வந்து சேரும் 'அன்ஸ்டேபிள்' கிளையிலிருந்து 'டெஸ்டிங்' கிளைக்குப் போகும். உபுண்டு தன் அடுத்த பதிப்புக்கு 'அன்ஸ்டேபிள்' கிளையிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்த பதிப்பு என்று சொன்னதைக் கவனியுங்கள். டெபியனின் நிலையான பதிப்பு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒன்று. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில். உபுண்டு 24.04 வைத்திருக்கிற ஆய்வகத்துக்கு உங்கள் பேக்கேஜ் அந்தப் பதிப்பிலேயே வந்துவிடாது. வாரத்துக்கு ஒருமுறை நிரலை மாற்றுகிற கட்டத்தில் இருக்கிறீர்கள் என்றால், இப்போதைக்கு, டிஸ்ட்ரோவுக்கு வெளியே இயங்கும் கோண்டா-ஃபோர்ஜ் என்ற பேக்கேஜ் தொகுப்பில் போடுங்கள் என்பதுதான் என் கருத்து. கணக்கு முறை நிலைத்து, கோப்பு வடிவம் இனி மாறாது என்று ஆனபின் டெபியனுக்கு வாருங்கள். உங்கள் நிரல் அந்த நிலைக்கு வந்துவிட்டதாகவே கேள்வியிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக ஆள். பேக்கேஜ் சேர்ந்தபின் வேலை குறையும், நிற்காது. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல் பைத்தான் நிரலைக் கட்டி நிறுவ உதவிய 'டிஸ்ட்யூடில்ஸ்' என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த எத்தனையோ பேக்கேஜ்கள் கட்ட முடியாமல் போயின. அப்படி நேர்ந்தால் பிழை பதிவாகும். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் பார்க்காவிட்டால் 'டெஸ்டிங்' கிளையிலிருந்து பேக்கேஜ் தானாக நீங்கிவிடும். ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். அதனால் பராமரிப்பாளராக டெபியன் சயின்ஸ் குழுவைப் போட்டு, கூடவே இரண்டு பெயரைச் சேருங்கள்: நீங்கள் ஒருவர், கல்லூரியிலேயே நிலையாக இருக்கப்போகும் ஆசிரியர் ஒருவர். வருடத்தில் சில நாள் ஒதுக்கினால் போதும்.

இன்று ராத்திரி செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் நிரல் இதுவரை ஏறாத ஒரு கணினியை எடுத்து, புதிதாக டெபியன் 13 போடுங்கள். ஏபிடி வழியாக உங்களுக்குத் தேவையான லைப்ரரிகளை மட்டும் நிறுவுங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு உங்கள் டார் கோப்பை விரித்துக் கட்டிப் பாருங்கள். எந்த வரியில் முதலில் நிற்கிறதோ அந்த வரியை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள், லைசன்ஸ்செக் பட்டியலையும் சேர்த்து. அங்கிருந்து இரண்டு பேருமாகத் தொடங்கலாம்.